நிபந்தனையோடு ஒரு சம்மதம்: திசு கொடுத்தவர்களும் அமெரிக்க நீதிமன்றங்களும்

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1976 அக்டோபரில் ஜான் மூர் என்பவர் சிகிச்சைக்கு வந்தார். அலாஸ்கா எண்ணெய்க் குழாய்த் திட்டத்தில் வேலை பார்த்தவர். அவருக்கு வந்திருந்தது ஹேரி செல் லுகேமியா என்ற அரிய ரத்தப் புற்றுநோய். மண்ணீரலை அகற்றாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் மருத்துவர் டேவிட் கோல்டே. மூர் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டார், அறுவை சிகிச்சை நடந்தது, பிழைத்துக்கொண்டார்.

அதன்பின் 1983 செப்டம்பர் வரை, சியாட்டிலில் உள்ள தன் வீட்டிலிருந்து பலமுறை லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பயணம் செய்தார். ஒவ்வொரு முறையும் ரத்தம், சீரம், தோல், எலும்பு மஜ்ஜை, விந்து என்று மாதிரிகள் எடுக்கப்பட்டன. இவையெல்லாம் தன் உடல்நலத்துக்காக என்றே அவர் நம்பினார். இதற்கிடையில், 1979-க்குள் அவருடைய டி-வெள்ளணுக்களிலிருந்து ஆய்வகத்தில் இடைவிடாமல் பெருகும் ஒரு செல் வரிசையை கோல்டே உருவாக்கியிருந்தார். 1981 ஜனவரியில் அதற்குக் காப்புரிமை கோரி பல்கலைக்கழகம் விண்ணப்பித்தது. 1984 மார்ச்சில் கிடைத்தது. ஜெனட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற நிறுவனத்தில் கோல்டேவுக்கு 75,000 பங்குகள் வந்தன. அவருக்கும் பல்கலைக்கழகத்துக்குமாக மூன்றாண்டுகளில் குறைந்தது 3,30,000 டாலர் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. பின்னர் சாண்டோஸ் மருந்து நிறுவனமும் சேர்ந்து, தொகை மேலும் 1,10,000 டாலர் கூடியது.

1983-ல் மூரிடம் ஒரு புதிய படிவம் நீட்டப்பட்டது. தன் ரத்தத்திலிருந்தும் மஜ்ஜையிலிருந்தும் உருவாகும் எந்தச் செல் வரிசையின் மீதும் தனக்கும் தன் வாரிசுகளுக்கும் இருக்கக்கூடிய உரிமைகளைப் பல்கலைக்கழகத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன், விட்டுக்கொடுக்கவில்லை என்ற இரண்டில் ஒன்றை வட்டமிடச் சொன்னது அது. முதல் தடவை விட்டுக்கொடுப்பதாக வட்டமிட்டார். அடுத்த தடவை அதே படிவம் வந்தபோது சந்தேகம் தட்டியது. விட்டுக்கொடுக்கவில்லை என்று வட்டமிட்டார். பிறகு ஒரு வழக்கறிஞரைத் தேடிப் போனார்.

மருத்துவ ஆய்வுக்குத் திசு கொடுத்தவர்கள் தொடுத்த வழக்குகளில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் வழக்கு இப்படித்தான் தொடங்கியது. இதையும் இதைத் தொடர்ந்த வழக்குகளையும் வாசிக்கிறவர்கள், ‘திசு யாருக்குச் சொந்தம்?’ என்ற கேள்வியோடுதான் பெரும்பாலும் அணுகுகிறார்கள். நீதிமன்றங்களும் அதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டன. ஆனால் வழக்குப் போட்ட மக்கள் என்ன கேட்டார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், அவர்களில் பெரும்பாலோர் ஆய்வைத் தடுக்கவும் இல்லை, திசுவை விற்க முயலவும் இல்லை. ‘தருகிறேன், ஆனால் இதற்காக, இந்த முறையில்’ என்றார்கள். நிபந்தனையோடு கூடிய அந்தச் சம்மதத்தைத் தாங்கிப் பிடிக்கச் சட்டத்தில் இடம் இல்லாமல் போனதுதான் இத்தனை வழக்குகளின் அடிப்படைக் குறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

மூர் வழக்கு: பாதி நியாயம்

மூரின் புகாரில் இருந்த செய்திகளை உண்மையென்றே வைத்துக்கொண்டால் சட்டத்தில் வழக்கு நிற்குமா என்பதுதான் நீதிமன்றங்களின் முன் இருந்த கேள்வி. அவர் பல குற்றச்சாட்டுகளை வைத்தார், முக்கியமானவை இரண்டு. ஒன்று, என் உடைமையை என் அனுமதியின்றித் தமதாக்கிக்கொண்டார்கள் என்பது. மற்றொன்று, என் மருத்துவர் தன் பண ஆதாயத்தை என்னிடம் மறைத்துச் சம்மதம் வாங்கினார் என்பது. 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உடைமை வாதத்தை ஏற்றது. 1990 ஜூலையில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, இரண்டாவது குற்றச்சாட்டை மட்டும் ஏற்றது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எட்வர்ட் பனெல்லி. அவருடைய காரணங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உடலிலிருந்து வெட்டியெடுத்த செல்லின் மீது நோயாளிக்கு உடைமை உண்டு என்று முன்பு எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை. அகற்றப்பட்ட திசுவை எப்படி அப்புறப்படுத்த வேண்டும் என்று கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டம், நோயாளியின் உரிமையைப் பெருமளவு குறைத்துவிடுகிறது. காப்புரிமை பெற்ற செல் வரிசை மனித முயற்சியில் விளைந்தது. மூரின் உடலில் இருந்த செல்லிலிருந்து அது வேறானது. எல்லாவற்றுக்கும் மேலாக, உடைமைப் பறிப்பு என்பது குற்ற நோக்கம் இல்லாதவரையும் பிடிக்கும் சட்டம். மாதிரி எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு விஞ்ஞானி, எங்கோ யாரோ சம்மதம் வாங்கத் தவறியதற்காக நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். ஆய்வகங்கள் ஒன்றுக்கொன்று மாதிரிகளைப் பகிர்ந்துகொள்வதே நின்றுபோகும் என்று அவர் அஞ்சினார்.

நீதிபதி அரேபியன் தீர்ப்போடு உடன்பட்டு எழுதிய குறிப்பில், மனித உடலைச் சந்தைச் சரக்காக்குவதன் மீதான அறச்சீற்றம் இருந்தது. ஆனால் அதே வழக்கில் ஒரு பகுதி உடன்பட்டு ஒரு பகுதி மறுத்த நீதிபதி புரூசார்ட் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. இந்தத் தீர்ப்பு உடல் திசுவின் வணிகத்தைத் தடுக்கவில்லை. மருத்துவரும் பல்கலைக்கழகமும் நிறுவனமும் தாராளமாக வணிகம் செய்துகொள்ளலாம். திசுவைத் தந்தவர் ஒருவரைத்தான் அது வெளியே நிறுத்துகிறது.

இந்த ஒருபக்கச் சாய்வுக்குப் பழைய வேர் உண்டு. ஆங்கிலேயச் சட்ட மரபில் மனித உடலுக்கு உடைமையாளர் கிடையாது. 1908-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் இதற்கு ஒரு விலக்கு வகுத்தது. இரண்டு தலைகளோடு இறந்து பிறந்து, ஒரு மருத்துவரால் பதப்படுத்தப்பட்ட சிசு ஒன்றைக் காசு வாங்கிக்கொண்டு காட்சிக்கு வைத்த டூடுவர்டு என்பவரிடமிருந்து காவல்துறை அதைக் கைப்பற்றியிருந்தது. உழைப்பும் திறமையும் செலுத்தி உடற்பொருளின் தன்மையை ஒருவர் மாற்றியிருந்தால், அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை வரலாம் என்றது நீதிமன்றம். பதப்படுத்தியவருக்கு உரிமை, உடல் யாருடையதோ அவருக்கும் உறவினருக்கும் ஒன்றும் இல்லை. செல் வரிசை மனித முயற்சியின் விளைவு என்ற பனெல்லியின் வாதத்திலும் இதே தர்க்கம் ஓடுகிறது.

மூர் வழக்கின் மிக ஆழமான பகுதி, நீதிபதி ஸ்டான்லி மோஸ்க் எழுதிய மறுப்புத் தீர்ப்பு. மருத்துவர் உண்மையை மறைத்தார் என்று வழக்குப் போடும் உரிமையை மூருக்குக் கொடுத்துவிட்டோமே, அது போதாதா என்றது பெரும்பான்மை. போதாது என்று மூன்று காரணங்களை அடுக்கினார் மோஸ்க். முதலாவது, உண்மை தெரிந்திருந்தால் மறுத்திருப்பேன் என்றும், சாதாரண அறிவுள்ள எவரும் மறுத்திருப்பார் என்றும் நோயாளி நிரூபிக்க வேண்டும். உயிர் காக்கும் அறுவை சிகிச்சையில் இதை நிரூபிப்பது ஏறத்தாழ இயலாத காரியம். இரண்டாவது, இந்த வழி நோயாளிக்குத் தருவது மறுக்கும் உரிமையை மட்டுமே. ஆதாயத்தில் பங்கு என்பது போன்ற ஒரு நிபந்தனையோடு சம்மதிக்கும் உரிமையை அது தரவில்லை. மூன்றாவது, மருத்துவர் தவிர, அந்தத் திசுவால் பலன் பெறும் நிறுவனங்களும் பிற ஆய்வாளர்களும் இந்த வழக்கின் பிடிக்குள் வரமாட்டார்கள். மோஸ்க் சிறுபான்மையில் இருந்தார். ஆனால் அவர் சுட்டிய இரண்டாவது குறை, அடுத்த இருபதாண்டு வழக்குகள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது.

பரிசோதனை எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனை

கனவான் நோய் குழந்தைகளின் மூளையை அரிக்கும் மரபு நோய். ஒரு நொதியின் குறைபாட்டால் மூளையின் வெண்பொருள் சிதைகிறது. கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கனாசி யூதர்களிடம் இது அதிகம். தாய், தந்தை இருவரும் பழுதான மரபணுவைத் தாங்கியிருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த நோய் வந்த டேனியல் கிரீன்பெர்க், 1987-ல் ரூபன் மட்டாலன் என்ற மருத்துவ ஆய்வாளரை அணுகினார். காரணமான மரபணுவைக் கண்டுபிடியுங்கள், மற்ற பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு பரிசோதனை வேண்டும் என்று கேட்டார்.

ரத்தமும் சிறுநீரும், இறந்த குழந்தைகளின் மூளைத் திசுவும் தரப்பட்டன. உலகெங்கும் உள்ள மற்ற குடும்பங்களைத் தேடிப் பிடித்து, ஒரு பதிவேடும் உருவாக்கிக் கொடுத்தார்கள் பெற்றோர். மட்டாலன் 1990-ல் மயாமி குழந்தைகள் மருத்துவமனைக்கு மாறினார். 1993-ல் மரபணு கண்டறியப்பட்டது. 1996 முதல் கனவான் அறக்கட்டளை இலவசப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவந்தது. இந்நிலையில் 1997 அக்டோபரில் மருத்துவமனைக்கு அந்த மரபணுவின் மீது காப்புரிமை கிடைத்தது. 1998 நவம்பரில், பரிசோதனை செய்யும் மையங்கள் உரிமம் பெற வேண்டும், ராயல்டி கட்ட வேண்டும் என்று மருத்துவமனை எழுதத் தொடங்கியது. காப்புரிமைக்கு விண்ணப்பித்ததே தங்களுக்குத் தெரியாது என்றார்கள் பெற்றோர். இறந்துபோன பிள்ளைகளின் திசுவிலிருந்து பிறந்த பரிசோதனைக்கே இப்போது விலை வைக்கப்பட்டிருந்தது.

2000-ல் பெற்றோரும் மூன்று தொண்டு அமைப்புகளும் வழக்குத் தொடுத்தனர். 2003 மே மாதத்தில் ஃபுளோரிடா கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஒன்றைத் தவிர எல்லாக் குற்றச்சாட்டுகளையும் தள்ளியது. கைம்மாறு எதிர்பார்க்காமல் ஆய்வுக்குக் கொடுத்த திசுவின் மீதோ, அதில் இருந்த மரபணுத் தகவலின் மீதோ கொடுத்தவருக்கு உடைமை இல்லை என்றது. ஆய்வாளர் தன் பண ஆதாயத்தைச் சொல்ல வேண்டும் என்ற கடமையைக்கூட அது ஏற்கவில்லை. மூர் வழக்கில் அந்தக் கடமை இருந்தது. ஆனால் அது சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கு இருந்தது. வெறும் ஆய்வாளருக்கு அதை நீட்டினால் ஆய்வு முடங்கிவிடும் என்று நீதிமன்றம் கருதியது.

தப்பிய ஒரே குற்றச்சாட்டு, மற்றவர் தந்த பயனை வைத்துக்கொண்டு நியாயமின்றி ஆதாயம் அடைந்தார்கள் என்பது. இந்தப் பெற்றோர் திசு தந்ததோடு நிற்காமல், பணமும் காலமும் செலவிட்டு ஆய்வின் கூட்டாளிகளாகவே இருந்தார்கள் என்பதால் அது நின்றது. அந்த ஆண்டே சமரசம் ஏற்பட்டது: ஆய்வுக்கு மரபணுவை உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், மருத்துவப் பரிசோதனைகளுக்கு மருத்துவமனை ராயல்டி வாங்குவது தொடரும். பெற்றோர் தங்களுக்கென்று ஒரு டாலரும் கேட்டு இந்த உறவைத் தொடங்கவில்லை. பரிசோதனை குறைந்த செலவில் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் மனதில் இருந்த நிபந்தனை. அது எழுத்தில் இல்லை. அதனால் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

இந்த மருத்துவருக்கு, இந்த நோய்க்கு

வில்லியம் கேட்டலோனா, புரோஸ்டேட் புற்றுநோயைக் கண்டறியும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையைப் பரவலாக்கிய அறுவை மருத்துவர். செயிண்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் பணியாற்றியவர். அங்கு அவர் முயற்சியில் வளர்ந்த திசு வங்கியில் 30,000-க்கும் மேற்பட்டவர்களின் மாதிரிகள் இருந்தன. 2003-ல் அவர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, தன் நோயாளிகளுக்கும் ஆய்வில் பங்கேற்றவர்களுக்கும் கடிதம் எழுதினார். என் மாதிரியைக் கேட்டலோனாவிடம் ஒப்படையுங்கள் என்று ஏறத்தாழ 6,000 பேர் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். மாதிரிகள் தனக்கே சொந்தம் என்று அறிவிக்கக் கோரிப் பல்கலைக்கழகம் நீதிமன்றம் சென்றது.

2006-ல் மாவட்ட நீதிமன்றமும் 2007-ல் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றன. கொடுக்கும் எண்ணம் இருந்தது, கொடுத்தார்கள், பல்கலைக்கழகம் பெற்றுக்கொண்டது. எனவே இது முழுமையடைந்த கொடை என்பது தீர்ப்பு. படிவங்களில் இருந்த விலகும் உரிமைக்கு அளித்த பொருள், இனிமேல் மாதிரி தராமல் இருக்கலாம் என்பதுதான். கொடுத்ததை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றச் சொல்லும் அதிகாரம் அதில் இல்லை. 2008 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது.

பல்கலைக்கழகத்தின் தரப்பிலும் வலு இருந்தது. திசு வங்கியின் மதிப்பு அதன் முழுமையில் இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் குப்பியை எடுத்துக்கொண்டு போனால் பல ஆண்டு உழைப்பு சிதறிவிடும். நோயாளிகளுக்கு மாற்றும் உரிமை இருந்தால், மாதிரிகள் அதிக விலை தருபவரிடம் போய்ச் சேரும் சரக்காகிவிடும் என்ற மாவட்ட நீதிபதியின் கவலையும் பொருளற்றதல்ல. ஆனால் அந்த 6,000 பேர் விலை கேட்கவில்லை. தங்களுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவரை நம்பி, அவர் ஆராயும் நோய்க்காகக் கொடுத்தவர்கள் அவர்களில் பலர். முழுமையடைந்த கொடை என்ற சட்டக் கருத்தில் அந்த நம்பிக்கைக்கு இடம் இல்லை. கொடுத்த கணத்தோடு உறவு முடிந்தது என்பதே அதன் பொருள்.

ஹவசுபாய் மக்களும் டெக்சஸ் பெற்றோரும்

அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினர் சில நூறு பேர்தான். நீரிழிவு அவர்களிடம் மிகக் கடுமையாகப் பரவியிருந்தது. அதற்கு உதவி கேட்டதன் தொடர்ச்சியாக, 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 200 பேரிடம் ரத்த மாதிரி எடுத்தார்கள். நீரிழிவுக்காகத்தான் என்று மக்கள் புரிந்துகொண்டார்கள். படிவத்திலோ நடத்தைக் கோளாறுகள், மருத்துவக் கோளாறுகள் ஆகியவற்றின் காரணங்களை ஆராய்வதற்கு என்று அகலமாக எழுதியிருந்தது. மாதிரிகள் மனச்சிதைவு, அகமணத்தின் அளவு, ஆசியாவிலிருந்து வந்த பழங்காலக் குடிப்பெயர்ச்சி ஆகிய ஆய்வுகளுக்கும் போயின.

2003-ல் அந்தப் பல்கலைக்கழகத்தில் நடந்த முனைவர் பட்ட ஆய்வுரை ஒன்றுக்குப் போயிருந்தார் கார்லெட்டா டிலூசி என்ற ஹவசுபாய் பெண். பேசப்படுவது தன் மக்களின் ரத்தம் என்று அங்குதான் அறிந்தார். அனுமதி வாங்கினீர்களா என்று எழுந்து கேட்டார். அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் நாங்கள் என்பது ஹவசுபாய் மரபின் மையம். தங்கள் ரத்தத்தை வைத்தே அந்த நம்பிக்கையை மறுக்கும் ஆய்வு நடந்தது அவர்களுக்குத் தாங்க முடியாத அவமதிப்பு. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்று தடை விதித்தார்கள். படிவம் இந்த ஆய்வுகளையும் உள்ளடக்கியதே என்பது ஆய்வாளர் தரப்பின் நிலைப்பாடு.

2004-ல் தொடங்கிய வழக்கு, கீழ் நீதிமன்றத்தில் தள்ளுபடியாகி, 2008-ல் மேல்முறையீட்டில் உயிர்பெற்று, 2010 ஏப்ரலில் சமரசமானது. 41 பேருக்கு 7,00,000 டாலர் வழங்கப்பட்டது; எஞ்சியிருந்த ரத்த மாதிரிகள் மக்களிடம் திருப்பித் தரப்பட்டன. முறையான தீர்ப்பு எதுவும் வரவில்லை. ஆகவே சட்டத்தில் முன்மாதிரியும் இல்லை. எனினும் மாதிரிகளைத் திருப்பித் தர ஒரு பல்கலைக்கழகம் இசைந்ததே பெரிய செய்தி. கேட்டலோனா வழக்கில் சட்டம் தர மறுத்ததை, இங்கே மக்களின் விடாப்பிடியான கோபம் பெற்றுத் தந்தது.

கேட்காமல் எடுப்பதால் ஆய்வுக்கே என்ன இழப்பு வரும் என்பதை டெக்சஸ் காட்டியது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி ரத்தம், மரபு நோய்களைக் கண்டறிவதற்காக அமெரிக்கா முழுவதும் சேகரிக்கப்படுகிறது. டெக்சஸ் மாநிலம் 2002 முதல் அந்த ரத்தத் துளி அட்டைகளைப் பெற்றோரின் சம்மதமின்றிச் சேமித்து, ஆய்வுகளுக்கும் கொடுத்துவந்தது. 2009-ல் ஐந்து பெற்றோர் வழக்குப் போட்டனர். அந்த ஆண்டு முடிவில் ஏற்பட்ட சமரசத்தின்படி 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் அழிக்கப்பட்டன. குழந்தைகளின் நோய்களை ஆராய்வதற்கு அரிய சேமிப்பு அது. கேட்டிருந்தால் பெற்றோரில் பலர் சம்மதித்திருப்பார்கள் என்று நம்ப இடமுண்டு. யாரும் கேட்காததால், முழுவதும் அழிவதைத் தவிர வேறு தீர்வு கிடைக்கவில்லை. ஆம், இல்லை என்ற இரண்டு பதிலுக்கு மட்டும் இடம் வைத்த அமைப்பு, கடைசியில் ஆய்வையும் பலிகொடுக்கிறது.

உடைமை என்று அறிவித்துவிட்டால் தீருமா?

அப்படியானால் திசு கொடுத்தவருக்கே சொந்தம் என்று சட்டம் சொல்லிவிடலாமே என்று தோன்றும். அது அவ்வளவு பயங்கரமானதல்ல என்பதற்கு இங்கிலாந்தில் சான்று இருக்கிறது. பிரிஸ்டல் நகர மருத்துவமனை ஒன்றில், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் ஆண்கள் சேமித்து வைத்த விந்து, 2003-ல் உறைநிலை அமைப்பு பழுதானதால் வீணானது. ஆறு ஆண்கள் தொடர்பான வழக்கில், 2009-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த விந்து அவர்களுடைய உடைமையே என்று தீர்ப்பளித்தது. உழைப்பும் திறமையும் செலுத்தியவருக்கே உரிமை என்ற பழைய விலக்கின் மேல் தீர்ப்பை நிறுத்த அது விரும்பவில்லை. அவர்கள் உடலே அதை உருவாக்கியது. அவர்கள் சம்மதமின்றி அதைப் பயன்படுத்தவும் முடியாது. உடைமைக்கு இது போதும் என்றது. அந்தத் தீர்ப்பால் இங்கிலாந்தில் மருத்துவ ஆய்வு நின்றுவிடவில்லை.

ஆனால் தனக்காகச் சேமித்து வைத்த பொருளும், பொது ஆய்வுக்குக் கொடுத்த பொருளும் ஒன்றல்ல. பெரும்பாலான ஆய்வுகளில் ஒரு தனி மாதிரிக்கு விலையே கிடையாது. ஆயிரக்கணக்கான மாதிரிகள் சேர்ந்து, நோய் வரலாற்றோடு இணைந்து, பல ஆண்டுகள் காக்கப்பட்ட பிறகுதான் அவற்றிலிருந்து அறிவு பிறக்கிறது. மூரைப் போல ஒருவர் உடலிலிருந்தே பெரும் செல்வம் விளைவது மிக அரிது. ஒவ்வொரு குப்பியையும் தனிச்சொத்தாக்கினால், ஆதாயத்தைப் பங்கிட முடியாமல் தகராறுதான் மிஞ்சும். விற்கும் உரிமையும் கூடவே வரும். வறுமை உள்ள இடத்தில் விற்கும் உரிமை, விற்றாக வேண்டிய நெருக்கடியாக மாறும் என்பதை சிறுநீரக வணிகம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. நீதிபதி அரேபியனின் அச்சத்தை இந்த அளவுக்கு நான் மதிக்கிறேன்.

மறுபுறம், அமெரிக்காவின் ஆய்வு ஒழுங்குமுறையில் 2017-ல் செய்த திருத்தம் மிகச் சிறிய அடிதான் எடுத்து வைத்தது. மாதிரிகள் வணிக ஆதாயத்துக்குப் பயன்படலாம் என்பதையும், அதில் பங்கு உண்டா இல்லையா என்பதையும் உரிய இடங்களில் சம்மதப் படிவத்தில் சொல்ல வேண்டும் என்றது. பெயர் நீக்கிய மாதிரிகளுக்கும் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2015-ல் முன்வைத்த யோசனை, இறுதி விதியில் கைவிடப்பட்டது. பெயரை அழித்துவிட்டால் ஒரு மாதிரியை எந்த ஆய்வுக்கும் அனுப்பலாம் என்ற வழி இன்றும் திறந்தே இருக்கிறது. ஹவசுபாய் மக்களின் வருத்தத்துக்கு இது மருந்தல்ல. தனியாள் பெயரை அழிக்கலாம். ஒரு சமூகத்தின் ரத்தத்திலிருந்து அந்தச் சமூகத்தைப் பற்றி எழுதும்போது சமூகத்தின் பெயரை எப்படி அழிப்பது?

நோக்கத்தைக் காக்கும் ஏற்பாடு

நிபந்தனையோடு கூடிய சம்மதத்தைத் தாங்கும் சட்ட வடிவம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது அறக்கட்டளை. டேவிட் வினிகாஃப், ரிச்சர்டு வினிகாஃப் இருவரும் 2003-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இந்த யோசனையை முன்வைத்தார்கள். திசு வங்கியை அறக்கட்டளையாக அமைத்தால், கொடுத்தவர் அதை நிறுவியவர்களில் ஒருவராகிறார். மருத்துவமனை உடைமையாளர் அல்ல, பொறுப்பாளர். பொதுமக்கள் பலன் பெறுவோர். எந்த ஆய்வுக்கு மாதிரி போகலாம் என்பதைத் தீர்மானிக்கும் குழுவில் கொடுத்தவர்களின் பிரதிநிதிகளும் இருப்பார்கள். தமிழ் வாசகர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. கோயிலில் விளக்கெரிக்க எழுதிவைத்த நிலம் எழுதிவைத்தவருக்குத் திரும்பாது. ஆனால் அதன் வருமானத்தைப் பொறுப்பாளர் தன் விருப்பப்படி செலவிடவும் முடியாது. கொடை முழுமையடைந்த பிறகும் நோக்கம் உயிரோடு இருக்கிறது. கேட்டலோனா வழக்கின் நீதிபதிகள் கொடையைப் பார்த்தார்கள், நோக்கத்தைப் பார்க்கவில்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு ஒரு சான்று. தோலையும் கண்ணையும் ரத்தக் குழாய்களையும் பாதிக்கும் பி.எக்ஸ்.இ. என்ற மரபு நோய் தம் இரு பிள்ளைகளுக்கும் இருப்பதை 1994-ல் அறிந்தார்கள் ஷாரன் டெரி, பேட்ரிக் டெரி தம்பதியர். அடுத்த ஆண்டே ஓர் அமைப்பைத் தொடங்கி, ரத்தமும் திசுவும் சேமிக்கும் வங்கியை நோயாளிகள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். மாதிரி வேண்டும் ஆய்வாளர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். 2000-ல் மரபணு கண்டறியப்பட்டது. 2004-ல் கிடைத்த காப்புரிமையில் ஷாரன் டெரியின் பெயரும் கண்டுபிடித்தவர்களில் ஒன்றாக இருந்தது. உரிமை நோயாளிகள் அமைப்பிடம் சேர்ந்தது. கனவான் பெற்றோர் நீதிமன்றத்தில் இழந்ததை, இவர்கள் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கினார்கள். ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் இத்தகைய அமைப்புத் திறன் வாய்க்காது. ஆகவே இது சட்டத்தின் இயல்பான ஏற்பாடாக இருக்க வேண்டும். தனிப்பட்ட சாமர்த்தியத்தின் பலனாக இருக்கக் கூடாது.

ஹென்ரியேட்டா லாக்ஸின் குடும்பம் இந்த நியாயத்துக்கு எழுபதாண்டுகள் காத்திருந்தது. 1951-ல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அந்தக் கறுப்பினப் பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து கேட்காமல் எடுத்த செல்கள்தான், உலக ஆய்வகங்களில் இன்றும் பெருகும் ஹீலா. 2013-ல் அந்தச் செல்களின் முழு மரபணுத் தொகுதி குடும்பத்தைக் கேட்காமல் வெளியிடப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது: அந்தத் தரவைக் கேட்கும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் ஆறு பேர் குழுவில் இரண்டு பேர் லாக்ஸ் குடும்பத்தினர். ஆய்வு நிற்கவில்லை, குடும்பம் சொல்வதும் கேட்கப்படுகிறது. பத்தாண்டு கழித்து, 2023-ல், ஹீலா செல்களை விற்று வந்த தெர்மோ ஃபிஷர் நிறுவனம், நியாயமற்ற ஆதாயம் என்று குடும்பம் 2021-ல் தொடுத்த வழக்கைச் சமரசத்தில் முடித்துக்கொண்டது. நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள், அமெரிக்க நீதிமன்றங்கள் போகாத தூரத்துக்குப் போகின்றன. மாதிரியின் உடைமையாளர் அதைத் தந்தவரே, உயிரி வங்கி பாதுகாவலர் மட்டுமே என்று அவை சொல்கின்றன. பெயர் நீக்கப்பட்ட பிறகு விலகும் வாய்ப்பு இல்லாமல் போகிறது என்ற ஓட்டை அங்கும் உண்டு. படிவத்தை விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லாத நெரிசல் மிக்க புறநோயாளிப் பிரிவில் இந்த வாசகம் எவ்வளவு உயிர்பெறும் என்பது வேறு கேள்வி. இருந்தாலும் பாதுகாவலர் என்ற கருத்து ஏட்டில் ஏறியிருப்பது, அதன் மேல் கட்டியெழுப்ப ஓர் அடித்தளம்.

கட்ட வேண்டியது என்ன என்பதை வழக்குகளே சொல்லித் தருகின்றன. எந்த நோக்கத்துக்கு, எந்த நோக்கத்துக்கு அல்ல என்பதைக் கொடுப்பவர் சொல்ல இடம் வேண்டும். ஹவசுபாய் மக்கள் கேட்டது அது. மாதிரி வேறு கைக்கு மாறும்போதும் வணிகத்துக்குப் போகும்போதும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். மூரும் கேட்டலோனாவின் நோயாளிகளும் கேட்டது அது. விளையும் மருந்தும் பரிசோதனையும் கொடுத்த சமூகத்துக்குக் கைக்கெட்டும் விலையில் கிடைக்க வேண்டும். கனவான் பெற்றோர் கேட்டது அது. இவை மீறப்பட்டால் பொறுப்பாளரை நீதிமன்றத்துக்கு இழுக்க வழி வேண்டும். வாக்கு மீறப்பட்டும் கேட்க வழியில்லை என்றால், படிவம் வெறும் காகிதம்.

இவற்றில் எதுவும் ஆய்வைத் தடுக்காது. எளியவர்களும் நோயாளிகளும் அடுத்தவரின் பிள்ளைக்காகத் தம் உடலின் ஒரு பகுதியைக் கொடுக்க முன்வருகிறார்கள் என்பதில்தான் நவீன மருத்துவமே நிற்கிறது. அந்த மனம் வற்றாமல் இருக்க வேண்டுமானால், கொடுத்த பிறகும் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும். மோஸ்க் 1990-ல் கேட்டது அவ்வளவுதான்: வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு, இப்படியென்றால் சரி என்று சொல்லும் உரிமையும். அந்த உரிமையைச் சட்டமாக்குவது நீதிமன்றத்தின் வேலையல்ல, சட்டமன்றத்தின் வேலை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், சட்டமன்றங்கள் அந்த வேலையை இன்னும் செய்து முடிக்கவில்லை. அதைச் செய்யச் சொல்லிக் கேட்பது, ஆய்வால் பலன் பெற்ற நம் ஒவ்வொருவரின் கடமை.